பெட்டி முட்டை: கூடுதல் விலைக்கு என்ன கிடைக்கிறது?

ஓட்டோடு விற்கும் முட்டைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. முப்பது முட்டை அட்டையாக எடுத்தாலும் சரி, அச்சடித்த பெட்டியில் ஆறு, பத்து என்று அடுக்கியதை எடுத்தாலும் சரி, வரி பூஜ்யம்தான். ஆகவே மளிகைக் கடை லூஸ் முட்டைக்கும் சூப்பர்மார்க்கெட் பெட்டி முட்டைக்கும் உள்ள விலை வித்தியாசத்துக்கு வரி காரணமில்லை. அந்தப் பணம் பெட்டிக்கும், தரம் பிரிக்கும் கூலிக்கும், குளிர்சாதனத்துக்கும், கடையின் கமிஷனுக்கும், விளம்பரத்துக்கும் போகிறது. இதில் நம் தட்டுக்கு வந்து சேர்வது எவ்வளவு என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். குறிப்பிட்ட ஒரு பிராண்டை எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ்நாட்டுக் கடைகளில் கிடைக்கும் பெட்டி முட்டை என்ற சரக்கையே மொத்தமாக எடுத்துக்கொண்டு, சட்டம் அதனிடம் எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது என்று பார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பேக் செய்த தேதி தெளிவாக இருந்து, எடைத் தரமும் அச்சிட்டு, குளிர்பெட்டியில் வைத்து விற்கிற சாதாரண வெள்ளை முட்டைப் பெட்டிக்கு லூஸ் விலையைவிட முட்டைக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடக் கொடுக்கலாம். அதற்கும் மேலே கேட்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை பெட்டியின் மேல் அச்சிட்ட சொற்களுக்குத்தான் விலை வைக்கின்றன.

விலையை எதோடு ஒப்பிடுவது?

நாமக்கல் மண்டலத்துக்கு என்.இ.சி.சி. எனப்படும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலையோடு ஒப்பிடுங்கள். பத்திரிகைகளில் "முட்டை விலை நிர்ணயம்" என்று செய்தி வருவதால் இது அரசு வைக்கும் விலை என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. விலையை வியாபாரிகளே சொல்லிக்கொண்டிருந்த நிலையை மாற்ற, 1982-இல் டாக்டர் பி.வி. ராவ் முன்னின்று நடத்த, கோழிப்பண்ணையாளர்கள் ஒன்றுசேர்ந்து அமைத்த குழு அது. அதன் அறிவிப்புக்குச் சட்டக் கட்டாயம் கிடையாது. பண்ணையில் வண்டி ஏற்றும்போது அறிவித்த விலையிலிருந்து வியாபாரி பைசாக் கணக்கில் கழித்துக்கொள்வார்; அதற்கு 'மைனஸ்' என்று பெயர். சரக்கு தேங்கினால் மைனஸ் கூடும், தட்டுப்பாடு வந்தால் குறையும். அறிவிப்பு விலையைக் கையில் முழுதாகப் பார்க்க முடியவில்லையே என்பது நாமக்கல் பண்ணையாளர்களின் நெடுநாள் குறை. கடையில் நாம் கூடக் கொடுக்கும் ரூபாய் தானாகப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

அந்த அறிவிப்பு பண்ணைக் கொள்முதல் விலை என்பதால், வண்டி வாடகையும் உடைசலும் மொத்த, சில்லறை லாபமும் அதன் மேல் ஏறும். லூஸ் விலை அறிவிப்பின் பின்னாலேயே ஓடும். ஏறும்போது மறுநாளே ஏறும், இறங்கும்போது கொஞ்சம் மெதுவாக இறங்கும். பெட்டியில் எம்.ஆர்.பி. அச்சாகிவிடுவதால் அது அவ்வளவு சுலபத்தில் அசையாது. புரட்டாசியில் பாதி ஊர் அசைவத்தை நிறுத்த, நாமக்கல் விலை சரியும். அப்போது பெட்டிக்கும் லூஸுக்கும் இடைவெளி பெரிதாகத் தெரியும். வடமாநிலக் குளிரும் கிறிஸ்துமஸ் கேக்கும் சேர்ந்து விலையை ஏற்றும் டிசம்பரில் அதே பெட்டி அவ்வளவு மோசமாகத் தெரியாது. வாங்கும் வாரத்தில் நாமக்கல் விலை என்ன என்று பார்த்துவிட்டுப் போவது ஒரு நிமிட வேலை.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆறு முட்டைப் பெட்டி இரண்டு ஒரே விலையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் முட்டை 45 கிராம், மற்றதில் 55 கிராம். முதல் பெட்டியில் 270 கிராம், இரண்டாவதில் 330 கிராம். அதாவது இரண்டாவதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சரக்கு கூடுதல். சட்டமுறை எடையளவு விதிகளின்படி பெட்டியில் நிகர அளவு, எம்.ஆர்.பி., ஒன்றின் விலை எல்லாம் இருக்கும். ஆனால் நிகர அளவை எண்ணிக்கையாகவே போட்டுவிடுகிறார்கள், '6 எண்ணம்' என்று. அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் கோழி முட்டையிடத் தொடங்கும் பருவத்தில் போடும் சிறிய 'புல்லட்' முட்டை ஒளிந்திருக்கலாம். எடைத் தரம் போடாத பெட்டியை வாங்கினால் வீட்டில் ஒருமுறையாவது தராசில் வைத்துப் பாருங்கள். பெட்டியின் எடையைக் கழித்து ஆறால் வகுத்தால் போதும்.

லேபிளில் எதைப் படிப்பது?

முதலில், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையத்தின் 14 இலக்க எண். 1-இல் தொடங்கினால் உரிமம், 2-இல் தொடங்கினால் சிறு வியாபாரத்துக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைச் சொல்லும். தமிழ்நாட்டுக்கு 24, மத்திய உரிமம் என்றால் 00. அதற்கடுத்த இரண்டு, உரிமம் கொடுத்த ஆண்டு. இந்த எண்ணை 'ஃபாஸ்காஸ்' இணையதளத்தில் போட்டால் உரிமம் யார் பெயரில், எந்த முகவரியில், எந்த வகைத் தொழிலுக்கு இருக்கிறது என்று வரும். பெட்டியில் பச்சை வயலும் ஓட்டு வீடும் படமாக இருக்க, உரிமமோ நகரத்து மறுபேக்கிங் கிடங்குக்கு இருப்பதை இங்கே கண்டுபிடித்துவிடலாம். அது குற்றமில்லை, பல பண்ணைகளிலிருந்து வாங்கிப் பேக் செய்வது சட்டப்படி சரியான தொழில்தான். ஆனால் 'எங்கள் பண்ணையிலிருந்து நேரடியாக' என்று பெட்டி சொல்லும்போது அந்த வாக்கியத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பது தெரிந்துவிடும்.

உரிம எண் இருப்பதால் அந்த முட்டை சோதிக்கப்பட்டது என்று ஆகாது. தொழில் நடத்த அனுமதி உண்டு, இடத்தையும் ஆளையும் தேடிப் பிடிக்க முடியும் என்பதுதான் அதன் பொருள். அதுவே பெரிய விஷயம். லூஸ் முட்டையில் இந்தத் தடம் கடையோடு நின்றுவிடும். பெட்டி முட்டையில் பேக் செய்தவர் வரை போகும்.

பேக் செய்தவர் வரைதான், அதற்கு அப்பால் போகாது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, விவசாயியையும் கால்நடை வளர்ப்பையும் பண்ணை அளவில் அந்தச் சட்டத்துக்கு வெளியே வைக்கிறது. முட்டை பண்ணையைத் தாண்டி வணிகத்துக்குள் வந்த பிறகுதான் உணவுப் பாதுகாப்பு அதிகாரியின் கை அதைத் தொடும். பெட்டியில் இருக்கும் தேதியும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பேக் செய்த தேதி கட்டாயம், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி கட்டாயம், லாட் எண் கட்டாயம். கோழி முட்டையிட்ட தேதி கட்டாயமில்லை. பண்ணைக் கிடங்கில் ஒரு வாரம் கிடந்த முட்டையை இன்று பேக் செய்து இன்றைய தேதி போட்டால் லேபிள் விதியில் அது பிழையாகாது. பெட்டி முட்டையின் ஆகப் பெரிய குறை என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வோம். முட்டையிட்ட தேதியைத் தாமாகவே ஓட்டின் மேல் மை கொண்டு அச்சிடும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பெட்டி கிடைத்தால் இரண்டு ரூபாய் கூடுதலானாலும் அதையே எடுங்கள்.

கடைசித் தேதியைப் படிக்கும்போது பக்கத்தில் இருக்கும் சேமிப்புக் குறிப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 'குளிர்பதனத்தில் வைக்கவும்' என்று எழுதி, அதற்கேற்ற நீண்ட தேதி போட்ட பெட்டியை, கடைக்காரர் பிஸ்கட் அலமாரிக்குப் பக்கத்தில் சாதாரண ரேக்கில் அடுக்கியிருந்தால் அந்தத் தேதி செல்லாக்காசு. நம் ஊர் வெயிலில் வெளியே ஒரு நாள் இருப்பது குளிர்பெட்டியில் ஒரு வாரம் இருப்பதற்குச் சமம் என்பது தொழிலில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பெட்டி முட்டைக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைக் கடைகள் அடிக்கடி வீணாக்குவது இந்த இடத்தில்தான். நிறைய ஓடும் மளிகைக் கடையில் நேற்று லாரியில் இறங்கிய அட்டை முட்டை, மந்தமாக ஓடும் சூப்பர்மார்க்கெட் ரேக்கில் பத்து நாளாக நிற்கும் பெட்டியைவிட எந்த விதத்திலும் மேலானது.

அக்மார்க் இருந்தால்?

இருந்தால் நல்லது. அக்மார்க் என்பது வேளாண் பொருள்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் தர முத்திரை. முட்டைக்கு அது கட்டாயமில்லை, விருப்பத்தின் பேரில் வாங்குவது. ஆனால் வாங்கிவிட்டால் அளவுகள் கறாரானவை. 60 கிராமும் அதற்கு மேலும் மிகப் பெரியது, 53 முதல் 59 வரை பெரியது, 45 முதல் 52 வரை நடுத்தரம், 38 முதல் 44 வரை சிறியது. தரம் 'ஏ' என்றால் ஓடு சுத்தமாக, உடையாமல், வடிவம் கெடாமல் இருக்க வேண்டும்; அகன்ற முனையில் இருக்கும் காற்றறையின் ஆழம் 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. தரம் 'பி'-க்கு 8 மில்லிமீட்டர் வரை அனுமதி.

தமிழ்நாட்டுச் சத்துணவு மையங்களுக்கு வாங்கும் முட்டைக்கு இந்த அக்மார்க் நடுத்தர எடைதான் நிபந்தனை, 45 முதல் 52 கிராம். ஒரு குழந்தையின் மதிய உணவு முட்டைக்கு அரசு கேட்கும் எடைக் கணக்கை, அதைவிடக் கூடுதல் விலை வைத்து விற்கும் தனியார் பெட்டிகள் பல தாமாகச் சொல்வதில்லை. இது மாற வேண்டும். எடைத் தரத்தை எல்லாப் பெட்டிக்கும் கட்டாயமாக்குவதில் யாருக்கும் பெரிய செலவு வந்துவிடாது; பேக்கிங் கிடங்குகளில் எடை பிரிக்கும் இயந்திரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சத்துணவு முட்டையில் அரசு முத்திரை குத்தியிருப்பார்கள். அந்த முத்திரையோடு ஒரு முட்டை கடையிலோ ஓட்டலிலோ கண்ணில் பட்டால் அது பிள்ளைகள் தட்டிலிருந்து திருடியது. வாங்காமல் புகார் கொடுக்க வேண்டும்.

பெட்டியின் மேல் இருக்கும் பெரிய எழுத்துகள்

'நாட்டுக்கோழி முட்டை' என்பதில்தான் ஏமாற்று அதிகம். ஓடு பழுப்பாக இருந்தால் நாட்டுக்கோழி என்று நாம் பழகிவிட்டோம். பழுப்பு ஓடு கோழியின் இனத்தால் வருவது. பழுப்பு முட்டையிடும் கலப்பினக் கோழிகளையும் வெள்ளை லெகார்ன் போலவே கூண்டில் வைத்து அதே தீவனத்தில் வளர்க்கிறார்கள். அசல் நாட்டுக்கோழி முட்டை பெரும்பாலும் 35 முதல் 45 கிராமுக்குள் இருக்கும், ஒன்று போல் ஒன்று இருக்காது, நிறமும் பால் வெள்ளையிலிருந்து இளம்பழுப்பு வரை கலந்திருக்கும். ஆறு முட்டையும் ஒரே நிறத்தில், ஒரே வடிவத்தில், 55 கிராமுக்கு மேல் இருந்தால் அது நாட்டுக்கோழி இல்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் முக்கி விற்பதும் உண்டு. அதைப் பார்க்க எலுமிச்சைச் சாறோ வினிகரோ தடவச் சொல்லும் வீடியோக்கள் சுற்றுகின்றன. அந்தச் சோதனை தவறு. இயற்கையான பழுப்பு நிறமும் ஓட்டின் வெளிப்புறத்திலேயே படிந்திருப்பதால் புளிப்பு பட்டால் அசல் முட்டையிலும் நிறம் கரைந்து வரும், நேர்மையான வியாபாரியின் பெயர் கெடும். வெள்ளைத் துணியை வெறும் தண்ணீரில் நனைத்து அழுத்தித் துடையுங்கள். துணியில் கறை ஏறினால் சாயம் என்று சந்தேகப்படலாம்.

'ஆர்கானிக்' என்றால் 'ஜைவிக் பாரத்' முத்திரையும், இயற்கை விவசாயத்துக்கான அரசுத் திட்டங்களான என்.பி.ஓ.பி., பி.ஜி.எஸ்.-இந்தியா இரண்டில் ஒன்றின் சான்றும் இருக்க வேண்டும். இது விதி. முத்திரை இல்லாமல் அந்தச் சொல்லை மட்டும் அச்சிட்ட பெட்டியைத் தாராளமாக ஒதுக்கிவிடலாம். 'கூண்டில்லா', 'மேய்ச்சல்' என்ற சொற்களுக்கு இப்படி ஓர் அரசு முத்திரை கிடையாது. தனியார் சான்று நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்; அதுவும் இல்லையென்றால் அது விற்பவரின் வாய்ச்சொல் மட்டுமே.

'ஒமேகா-3' உண்மையாகவே கூட்ட முடிகிற சத்து. தீவனத்தில் ஆளிவிதையோ மீன் எண்ணெயோ சேர்த்தால் அது மஞ்சள்கருவில் ஏறும். வைட்டமின் டி, இ, செலினியம், லூட்டீன் ஆகியவையும் தீவனத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். ஆகவே பெட்டியின் பின்புறச் சத்து அட்டவணையில் எத்தனை மில்லிகிராம் என்று எண் இருக்க வேண்டும். எண் இல்லாத ஒமேகாவுக்குப் பணம் கொடுக்காதீர்கள். புரதம் அப்படி ஏறாது. நூறு கிராம் முட்டையில் சுமார் 13 கிராம் புரதம். 50 கிராம் முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம். தீவனம் எதுவானாலும் இதில் பெரிய மாற்றம் வராது. 'அதிகப் புரத முட்டை' என்றால் பெரிய முட்டை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

'கொலஸ்ட்ரால் குறைந்தது' என்ற வார்த்தை முட்டைப் பெட்டியில் இருக்கவே கூடாது. 2018-ஆம் ஆண்டு விளம்பர, உரிமைகோரல் விதிகளின்படி திட உணவில் அப்படிச் சொல்ல நூறு கிராமுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் இருக்கக் கூடாது. முட்டையில் இருப்பது சுமார் 370. எந்தத் தீவனமும் அந்தப் பள்ளத்தைத் தாண்ட வைக்காது.

மஞ்சள்கருவின் அடர்ந்த ஆரஞ்சு நிறத்தைப் படம் போட்டு விற்கிறார்கள். மக்காச்சோளம் கூடினால் நிறம் கூடும். சாமந்திப்பூச் சாறு சேர்த்தாலும் கூடும். குருணை அரிசியும் கம்பும் கூடினால் வெளிறும். நிறத்தை வைத்துச் சத்தை அளக்க முடியாது.

அடுத்தது 'ஆன்டிபயாட்டிக் இல்லாதது'. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். குளோராம்பெனிக்கால், நைட்ரோஃப்யூரான் வகை மருந்துகளுக்குக் கோழி வளர்ப்பில் இடமே கிடையாது. மனிதருக்குக் கடைசிக்கட்ட மருந்தாக வைத்திருக்கும் கோலிஸ்டினை 2019 ஜூலையில் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். அனுமதி உள்ள மருந்துகளுக்கும் எச்சம் இவ்வளவுதான் இருக்கலாம் என்ற வரம்பு உண்டு. மருந்து நிறுத்திய பின் இத்தனை நாள் முட்டையை விற்கக் கூடாது என்ற விலகல் காலம் உண்டு. ஆகவே தடை செய்த மருந்து இல்லை என்பது எல்லா முட்டைக்கும் இருக்க வேண்டிய அடிப்படை. அதைத் தனிச் சிறப்பாக விற்பது சரியல்ல. 2025 டிசம்பரில் நைட்ரோஃப்யூரான் குறித்துப் பெரிய பதற்றம் கிளம்பியபோது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கொடுத்த விளக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: அந்த மருந்தைப் பயன்படுத்துவது முழுத் தடை, கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் என்ற எண், கண்காணிப்புக்கு வைத்த அளவுகோல், பயன்படுத்தக் கொடுத்த அனுமதி அல்ல.

க்யூ.ஆர். குறியில் ஆய்வக அறிக்கை கொடுக்கும் பெட்டிகள் வந்திருக்கின்றன. வரவேற்க வேண்டிய பழக்கம். ஆனால் அறிக்கையைத் திறந்து நான்கு இடங்களைப் பாருங்கள்: லாட் எண்ணோ மாதமோ கையில் இருக்கும் பெட்டியோடு பொருந்துகிறதா, ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் கொடுக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் அந்த ஆய்வகத்துக்கு இருக்கிறதா, எந்தெந்த மருந்துக்குச் சோதித்தார்கள் என்ற பட்டியல் இருக்கிறதா, 'கண்டறியப்படவில்லை' என்பதற்குப் பக்கத்தில் எந்த அளவுக்குக் கீழே கண்டறிய முடியாது என்ற எண் இருக்கிறதா. கடைசி எண் இல்லாமல் 'கண்டறியப்படவில்லை' என்ற வார்த்தைக்கு மதிப்பில்லை; பார்வை மங்கிய கருவிக்கு எதுவுமே தெரியாது. போன வருஷத்து அறிக்கையை எல்லா லாட்டுக்கும் ஒட்டிவைத்திருந்தால் அதை விளம்பரத் தாளாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடையிலும் வீட்டிலும் சோதிப்பது

கடையிலேயே மூடியைத் திறங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு முட்டையையும் குழியிலேயே லேசாகத் திருகிப் பாருங்கள். திரும்பாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அடியில் கீறி வெள்ளைக்கரு கசிந்து காய்ந்திருக்கிறது. காகிதக்கூழ்ப் பெட்டியில் இது வெளியே தெரியாது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டியில் அடியைத் திருப்பினாலே தெரியும். அதற்காகப் பிளாஸ்டிக் பெட்டி மேல் என்று சொல்ல மாட்டோம். குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்தால் முட்டை வியர்க்கும். கூழ்ப் பெட்டி அந்த ஈரத்தை உறிஞ்சும், பிளாஸ்டிக்கில் அது ஓட்டின் மேலேயே நிற்கும். ஈர ஓட்டின் நுண்துளை வழியே கிருமி உள்ளே போவது சுலபம்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு முட்டையை மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல ஓடு கணீரென்று கேட்கும். மயிரிழைக் கீறல் இருந்தால் சத்தம் அமுங்கும். அடுத்து காற்றறை. இருட்டறையில் போனின் டார்ச்சை அகன்ற முனையில் ஒட்டிப் பிடித்தால் வெள்ளை முட்டைக்குள் ஒரு வளைவான கோடு தெளிவாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பென்சிலால் ஓட்டில் குறித்து, முனையிலிருந்து கோடு வரை உள்ள ஆழத்தை ஸ்கேலால் அளந்தால் நீங்களே அக்மார்க் சோதனையில் ஒரு பகுதியைச் செய்துவிட்டீர்கள். 4 மில்லிமீட்டருக்குள் என்றால் கொடுத்த காசுக்குச் சரக்கு. முந்தாநாள் பேக் செய்த தேதி போட்ட பெட்டியில் 8 மில்லிமீட்டர் வந்தால், முட்டை பேக் ஆவதற்கு முன் எங்கோ வெயிலில் பல நாள் கிடந்திருக்கிறது. முட்டையிட்ட தேதி லேபிளில் இல்லாத குறையை ஓரளவுக்கு ஈடுகட்ட நம் கையில் இருக்கும் வழி இது. பழுப்பு ஓட்டில் கோடு மங்கலாகத்தான் தெரியும். அதற்குத் தண்ணீர்ச் சோதனை. படுத்துக் கிடந்தால் புதியது, அகன்ற முனை மேலே தூக்கினால் நாளானது, நட்டுக்குத்தலாக நின்றால் உடனே சமைக்க வேண்டியது, மிதந்தால் பெரும்பாலும் கூமுட்டை. இதுவும் வயதைத்தான் சொல்லும். கிருமி இருக்கிறதா என்பதைச் சொல்லாது.

உடைத்து எவர்சில்வர் தட்டில் ஊற்றினால் மஞ்சள்கரு குவிந்து நிற்க, அதைச் சுற்றிக் கெட்டியான வெள்ளைக்கரு ஒரு வளையமாக நிற்க வேண்டும். எல்லாம் தண்ணீராகத் தட்டு முழுக்க ஓடினால் பழையது. மஞ்சள்கருவின் இருபுறமும் வெள்ளையாக முறுக்கிய இழை இருப்பதைப் பார்த்துப் பலர் குஞ்சு என்று பயந்து கொட்டுகிறார்கள். அது மஞ்சள்கருவை நடுவில் பிடித்து வைக்கும் கயிறு; தடிமனாக இருந்தால் முட்டை புதியது. வெள்ளைக்கரு லேசாகப் பால் கலந்தது போல் மங்கியிருப்பதும் புதுமையின் அறிகுறிதான். சிறு ரத்தப்பொட்டு, கோழியின் சினைப்பையில் நுண் ரத்தக்குழாய் ஒன்று வெடித்ததால் வருவது, எடுத்துப்போட்டுவிட்டுச் சமைக்கலாம்.

வேகவைத்த முட்டையில் ஓடு உரியாமல் பிய்ந்து வந்தால் 'பிளாஸ்டிக் முட்டை' என்று வீடியோ போடுகிறார்கள். மிகப் புதிய முட்டையில் வெள்ளைக்கருவின் பி.எச். 8-க்கு அருகில் இருக்கும், சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். நாளாக ஆகக் கரியமில வாயு வெளியேறி அது 9-ஐத் தாண்டும். அப்போது சுலபமாக உரியும். உரியாத முட்டைக்காகக் கடையோடு சண்டை போடாதீர்கள், அது நல்ல சரக்கு. பிளாஸ்டிக் முட்டை என்பது வெறும் கட்டுக்கதை என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யும் விளக்கிவிட்டது.

வாங்கி வந்ததும் முட்டையைக் கழுவி அடுக்கும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். ஓட்டின் மேல் இருக்கும் இயற்கைப் பூச்சு கழுவினால் போய்விடும். முட்டையைவிடக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் உள்ளே இருப்பது சுருங்கி, ஓட்டின் துளை வழியாக அழுக்குத் தண்ணீரையே உள்ளே இழுக்கும். அழுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். கழுவுவதானால் சமைப்பதற்குச் சற்று முன்பு. அகன்ற முனை மேலே இருக்கும்படி, பெட்டியோடு, ஃபிரிட்ஜின் உள் தட்டில் வையுங்கள். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடு ஏறி இறங்கும்.

கெட்டது வந்தால்

பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். லாட் எண், தேதி, உரிம எண் மூன்றும் தெரியும்படி படம் எடுங்கள். கடை ரசீதிலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் கட்டாயம்; இல்லையென்றால் அதுவே தனிப் புகார். கூமுட்டை, சாயம், பொய்யான லேபிள் என்றால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றாலோ எண்ணிக்கை குறைந்தாலோ தொழிலாளர் துறையின் கீழ் இருக்கும் சட்டமுறை எடையளவுப் பிரிவு, அல்லது நுகர்வோர் உதவி எண் 1915. தவறான லேபிளுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில் 3 லட்சம் ரூபாய் வரை, பொய் விளம்பரத்துக்கு 53-ஆவது பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

அதிகம் பேருக்குத் தெரியாத வழி ஒன்று அதே சட்டத்தின் 40-ஆவது பிரிவில் இருக்கிறது. வாங்குபவரே உணவுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் கட்டிச் சோதிக்கச் சொல்லலாம். சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டுக்கு வந்தபின் யோசித்தால் அந்தப் பெட்டி செல்லாது, புதிதாக ஒன்று வாங்க வேண்டும். ஆய்வறிக்கைக்குச் சட்டம் வைத்திருக்கும் கெடு 14 நாள். முட்டை விதிக்கு மாறாக இருந்தது என்று அறிக்கை வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.